அறைக்குள் செடி வளர்க்க என்ன விளக்கு? வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

பனியன் தொழில் நடக்கும் ஊர்களில் காலி இடத்திற்குப் பஞ்சமில்லை. பவர் டேபிள் ஓடிய கொட்டகை, துணி அடுக்கிய குடோன், வாடகைக்கு ஆள் வராத மாடி அறை என்று பல வீடுகளில் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கிறது. இந்த இடத்தில் தட்டுகளை அடுக்கி, விளக்கு போட்டு, கீரையும் காய்கறியும் வளர்த்தால் வருமானம் வருமே என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நிலமும் வேண்டாம், மழையும் வேண்டாம், களையும் இல்லை என்று கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நகையை அடகு வைத்து விளக்கு வாங்குமுன், விளக்கு செடிக்கு என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒளிக்கு இரண்டு வேலை

செடிக்கு ஒளி இரண்டு வகையில் பயன்படுகிறது. முதலாவது தீனி. இலை ஒளியை வாங்கித்தான் நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து மாவுச்சத்தாக மாற்றுகிறது. இரண்டாவது சைகை. பகல் எவ்வளவு நீளம், இரவு எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்து, இது பூக்கும் காலமா, தழைக்கும் காலமா என்று சில செடிகள் முடிவு செய்கின்றன.

கோழி வளர்ப்போருக்கு இது எளிதில் புரியும். முட்டைக் கோழிக் கொட்டகையில் பகலும் விளக்கும் சேர்ந்து 16 மணி நேரம் வெளிச்சம் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வெளிச்சம் கோழிக்கு இரையல்ல. முட்டையிடச் சொல்லும் சைகை. அதற்கு மங்கிய பல்பே போதும். இரைக்கான செலவு தனி. செடி விஷயத்திலோ சைகையும் விளக்குதான், இரையும் விளக்குதான். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பணம் போடுவதில்தான் நஷ்டம் பிறக்கிறது.

நம் கண் ஏமாறும்

பனியன் கம்பெனியில் துணி பார்க்கும் செக்கிங் டேபிள் மீது விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1,000 லக்ஸ். சிறு பழுதும் தெரியும் அளவுக்கு அது பளிச்சென்று இருக்கும். வெயில் காலத்தில் நடுப்பகலில் வெளியே வயலில் விழுவதோ சுமார் 1,00,000 லக்ஸ். நூறு மடங்கு வித்தியாசம். நம் கண்மணி சுருங்கி விரிந்து சமாளித்துவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. இலைக்கு அந்த வசதி கிடையாது. செக்கிங் டேபிள் வெளிச்சத்தில் வைத்த தக்காளி நாற்று பட்டினி கிடந்து, வெளிறி, நெட்டையாக ஓடிச் சாய்ந்துவிடும்.

எதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு வெள்ளை விளக்கில் உத்தேசக் கணக்கு இது:

செவ்வந்திக்கு இரவில் சைகை கொடுக்க: 100 லக்ஸ் போதும்.
திசு வளர்ப்புக் குப்பிகளுக்கு: 2,000 முதல் 3,000 லக்ஸ்.
முளைக்கீரைக்கும் காய்கறி நாற்றுக்கும்: 7,000 முதல் 10,000 லக்ஸ்.
லெட்டூஸ் போன்ற சாலட் கீரைக்கு: சுமார் 15,000 லக்ஸ்.
தக்காளி, மிளகாய் காய்த்துப் பலன் தர: சுமார் 30,000 லக்ஸ்.

இவற்றில் கடைசி மூன்றும் நாளொன்றுக்கு 16 மணி நேரம் விளக்கு எரிவதாக வைத்துச் சொன்னவை. நேரம் குறைந்தால் வெளிச்சம் கூட வேண்டும். அதற்காக 24 மணி நேரமும் எரிய விடக்கூடாது. தக்காளிக்கு ஓய்வில்லாமல் வெளிச்சம் கொடுத்தால் இலை மஞ்சளித்துக் கெடும்.

விளக்கின் நிறம்

திருப்பூரில் கலர் மேட்சிங் பெட்டியைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். ஒரே துணி டி65 விளக்கில் ஒரு நிறமாகவும் டி.எல்.84 விளக்கில் சற்று வேறு நிறமாகவும் தெரியும். வெளிச்சத்தின் அளவு ஒன்றாக இருந்தாலும் அதில் கலந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தின் பங்கு வேறாக இருப்பதே காரணம். செடிக்கும் இந்தக் கலவை முக்கியம்.

இலை சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது. அதனால்தான் செடி விளக்கு என்று சொல்லி ஊதா நிறத்தில் எரியும் விளக்குகள் கடைக்கு வந்தன. ஆனால் பச்சை ஒளி வீண் என்பது சரியல்ல. 1972ஆம் ஆண்டில் மக்ரீ என்ற விஞ்ஞானி பல பயிர்களின் இலைகளை வைத்துச் சோதித்து, பச்சை ஒளியும் கணிசமாகப் பயன்படுகிறது என்று காட்டிவிட்டார். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் மூன்று நிறமும் உண்டு. வீட்டில் சிறு அளவில் வளர்ப்பவர்களுக்கு 4,000 முதல் 6,500 கெல்வின் வரை குறிப்பிட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. டியூப்பே போதும். அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஊதா வெளிச்சத்தில் இலை கருப்பாகத் தெரியும். மஞ்சள் பாய்ந்ததும் பூச்சி விழுந்ததும் கண்ணில் படாது. வெள்ளை வெளிச்சத்தில் உள்ளபடி தெரியும்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. வெள்ளை விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். ஊதா விளக்கை அதனால் அளந்தால் தவறான கணக்கு வரும்.

பழைய விளக்கும் புதிய விளக்கும்

குண்டு பல்பு தீனிக்கு உதவாது. இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகக் கொட்டிவிடும். பழைய டியூப் லைட் அதைவிட நல்லது. திசு வளர்ப்புக் கூடங்கள் பல ஆண்டுகள் அதை வைத்தே நடந்தன. இன்று எல்.இ.டி. விளக்கு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் இல்லையேல் இன்றைய வெள்ளை எல்.இ.டி.யும் இல்லை.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். ஆயிரம் வாட் என்று எழுதியிருக்கும் விளக்கு உண்மையில் நூறு வாட் மட்டுமே இழுப்பதுண்டு. உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை லூமன் தருகிறது என்று கேளுங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமன் தந்தால் சாதாரண டியூப்பில் அது நல்ல டியூப். செடிக்கென்றே தயாராகும் உயர்ந்த ரக விளக்குகளில் லூமனுக்குப் பதிலாக ஒரு ஜூலுக்கு இத்தனை மைக்ரோமோல் என்று குறித்திருப்பார்கள். சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப் ஏறக்குறைய 1.4 தரும். நல்ல செடி விளக்கு 2.5க்கு மேல் தரும். மின்சாரம் பாதியளவு மிச்சமாகும். ஆனால் விளக்கின் விலை பல மடங்கு. இந்த எண்ணைச் சொல்லாத செடி விளக்கை வாங்காமலிருப்பது நல்லது.

ஒரு தட்டின் வரவு செலவு

நான்கடி நீளம், இரண்டடி அகலமுள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 20 வாட் எல்.இ.டி. டியூப் நான்கு. மொத்தம் 80 வாட், 8,000 லூமன். இதில் 70 சதம் இலைமீது விழுந்தால் தட்டில் சுமார் 7,500 லக்ஸ் கிடைக்கும். முளைக்கீரைக்கும் நாற்றுக்கும் இது சரியான அளவு.

16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.28 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் நாளுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று மேல். மைக்ரோகிரீன் என்று ஓட்டல்கள் வாங்கும் முளைக்கீரை பத்து நாள் பயிர். முதல் மூன்று நாள் இருட்டிலேயே முளைக்கும். ஏழு நாள் விளக்கு. அதற்கு 9 யூனிட், 72 ரூபாய். பத்துக்கு இருபது அங்குலத் தட்டு நான்கு இதில் அடங்கும். தட்டுக்கு 200 கிராம் கிடைப்பதாக வைத்தால், கிலோவுக்கு விளக்குச் செலவு 90 ரூபாய். விதை, தட்டு, ஆள் கூலி தனி. விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தால் இது கட்டும். அறுத்த முளைக்கீரை குளிர்பெட்டியில் சில நாள்தான் தாங்கும் என்பதால், வாங்கும் ஓட்டலை முதலில் பேசி முடித்துவிட்டுப் பிறகு விதை போட வேண்டும்.

இதே தட்டில் லெட்டூஸ் போட்டுப் பார்ப்போம். எட்டு டியூப் வேண்டும், 160 வாட். நட்டபின் 30 நாள் எரிந்தால் ஏறக்குறைய 77 யூனிட், 614 ரூபாய். தட்டில் 16 செடி, செடிக்கு 150 கிராம் என்றால் 2.4 கிலோ. கிலோவுக்கு விளக்குச் செலவு மட்டும் 255 ரூபாய். உயர்ந்த ரக விளக்கு போட்டுப் பாதியாகக் குறைத்தாலும் 125 ரூபாய்க்கு மேல். இதே கீரை நீலகிரியில் வெயிலில், குளிர்ந்த காற்றில் விளைந்து லாரியில் இறங்கி வருகிறது. அதோடு விலையில் போட்டியிட வேண்டும்.

இதோடு முடியவில்லை. விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகவே தங்குகிறது. இப்படிப்பட்ட பத்துத் தட்டு வைத்தால், இரண்டு இஸ்திரிப் பெட்டியை நாள்தோறும் 16 மணி நேரம் அறைக்குள் போட்டு வைத்ததற்குச் சமம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை என்னவாகும்? லெட்டூஸ் சூட்டில் கசந்து தண்டு ஓடிவிடும். ஆகவே ஏ.சி. வேண்டும், அதற்கும் மின்சாரம். தக்காளிக்கோ இதைப்போல இரட்டிப்பு வெளிச்சமும் மூன்று மடங்கு நாட்களும் தேவை. உடுமலையிலும் பொங்கலூரிலும் சூரியன் இலவசமாக விளைவித்துத் தரும் தக்காளியை விளக்கில் விளைவிப்பது வீண் வேலை.

சைகை விளக்கு மலிவு

1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தை ஆராய்ந்து, பகலின் நீளமே அதன் பூப்பை முடிவு செய்கிறது என்று வெளியிட்டார்கள். செவ்வந்தியும் அதே இனம். பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் குறைந்தால் மொட்டுக் கட்டும். நம் பகுதியில் டிசம்பரில் பகல் ஏறக்குறைய 11½ மணி. ஜூனில்கூட 12¾ மணிதான். எனவே இங்கே செவ்வந்திக்கு ஆண்டு முழுவதும் பூக்கச் சொல்லும் சைகை இருந்துகொண்டே இருக்கிறது. செடி வளர்ந்து கிளைப்பதற்குள் மொட்டு வந்துவிட்டால் பூவும் குறையும், காம்பும் குட்டையாகும்.

இதற்காகத்தான் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் அதை ஒட்டிய கர்நாடகப் பகுதியிலும் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் பல்பு வரிசை எரிவதைக் காண்கிறோம். நள்ளிரவை ஒட்டி, இரவு 10 மணி முதல் 2 மணி வரை 100 லக்ஸ் அளவில் வெளிச்சம் கொடுத்தால், நீண்ட இரவு இரண்டு குட்டை இரவுகளாகச் செடிக்குத் தோன்றும். மொட்டு தள்ளிப்போகும். செடி தேவையான உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டால் மொட்டுக் கட்டும். பூ எந்த வாரம் சந்தைக்கு வரவேண்டும் என்பதை ஓரளவு விவசாயியே முடிவு செய்யலாம். இதற்குச் சிவப்பு ஒளி மிகுந்த விளக்கு ஏற்றது; மஞ்சள் சாயலான வார்ம் ஒயிட் எல்.இ.டி. பல்பும் வேலை செய்யும். தொடர்ந்து எரிக்காமல், அரைமணிக்குப் பத்து நிமிடம் என்று டைமர் வைத்து எரித்தாலும் பலன் உண்டு.

டிராகன் பழத்துக்கு இது தலைகீழ். பகல் நீண்டால்தான் அது பூக்கும். வியட்நாமில் பின் துவாங் பகுதியில் இரவில் விளக்கு எரித்துப் பருவம் தப்பிய காலத்தில் காய் எடுக்கிறார்கள். நம் விவசாயிகளிலும் சிலர் இதைச் செய்கிறார்கள்.

லெட்டூஸுக்கு 15,000 லக்ஸ், 16 மணி. செவ்வந்திக்கு 100 லக்ஸ், 4 மணி. பெருக்கிப் பார்த்தால் சம பரப்புக்குச் சைகை விளக்கின் தேவை தீனி விளக்கில் 600இல் ஒரு பங்கு. அதனால்தான் சைகை விளக்கு திறந்த வயலிலும் கட்டுகிறது. தீனி விளக்கு மூடிய அறையிலும் தடுமாறுகிறது.

கம்பெனி மதிலை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரவு முழுவதும் எரியும் மதில் விளக்கும் தெருவிளக்கும் செடிக்குச் சைகைதான். விளக்கை ஒட்டிய வரிசைகளில் செவ்வந்தியோ சோயாவோ பூக்காமல் பச்சையாகவே நின்றால், உரத்தின்மீது பழி போடுமுன் இரவில் போய் நின்று பாருங்கள். விளக்குக்கு மறைப்புப் போட்டால் தீர்ந்துவிடும்.

விளக்கறை உண்மையில் பயன்படும் இடம்

கொங்கு நாட்டில் விளக்கொளியில் செடி வளர்ப்பது புதிதல்ல. உடுமலை, பல்லடம் பக்கம் நடப்படும் கிராண்ட் நைன் திசு வாழைக் கன்று முதலில் கண்ணாடிக் குப்பிக்குள், விளக்கறையில்தான் பல்கிப் பெருகுகிறது. சுமார் 25 டிகிரி குளிர்ச்சி, 16 மணி நேர வெளிச்சம், 2,000 முதல் 3,000 லக்ஸ். இவ்வளவு குறைந்த வெளிச்சம் எப்படிப் போதுகிறது? குப்பியில் உள்ள ஊடகத்திலேயே சர்க்கரை கலந்திருக்கிறது. தீனி அதிலிருந்து கிடைக்கிறது. ஒரு சிறு அறையில் பல்லாயிரம் கன்றுகள் அடங்குவதால் மின்செலவு கன்றுக்குச் சொற்பமாகிவிடுகிறது. வேர்விட்டதும் கன்றை நிழல்வலைக்குக் கொண்டுவந்து வெயிலுக்குப் பழக்குகிறார்கள். சிறு இடம், குறைந்த நாள், விலையுள்ள பொருள் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விளக்கறை கட்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

காய்கறி நாற்றுக்கு நம் ஊரில் விளக்கே தேவையில்லை. 50 சத நிழல்வலையின் கீழ் நடுப்பகலில் 50,000 லக்ஸ் இருக்கும். குழித்தட்டு நாற்றுக்கு அது ஏராளம். கறவை மாட்டுக்குத் தட்டில் முளைக்க வைக்கும் மக்காச்சோளத் தீவனமும் எட்டு நாளில் விதையின் சத்திலேயே வளர்வது; சன்னல் வெளிச்சம் போதும். வெயிலே வராத அறைதான் இருக்கிறது என்பவர்கள் சிப்பிக் காளானை எண்ணிப் பார்க்கலாம். காளானுக்கு ஒளி தீனியல்ல. மங்கிய வெளிச்சம் போதும், குளிர்ச்சியும் ஈரமும்தான் முக்கியம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பயிற்சியும் வித்தும் கிடைக்கின்றன.

அறை அமைப்போர் கவனிக்க

டியூப்புக்கும் செடியின் நுனிக்கும் அரையடி முதல் முக்காலடி இடைவெளி போதும். செடி வளர வளர விளக்கை உயர்த்தும்படி சங்கிலியில் தொங்கவிடுங்கள். செடி நெட்டையாக ஓடினால் வெளிச்சம் போதவில்லை. நுனி இலை கருகினால் விளக்கு மிக அருகில் இருக்கிறது.

சுவருக்கும் தட்டின் அடிப்புறத்துக்கும் வெள்ளை அடியுங்கள். சிதறும் வெளிச்சம் திரும்பி இலைக்கே வரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை பஞ்சுத் தூசி. பக்கத்தில் நிட்டிங்கோ பவர் டேபிளோ ஓடினால் விளக்கின்மேல் அது படிந்து வெளிச்சத்தைக் குறைக்கும். வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பஞ்சும் சூடும் சேர்ந்தால் தீ அபாயமும் உண்டு.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் இருப்பதால் எர்த் இணைப்பும் ஈ.எல்.சி.பி.யும் கட்டாயம். சுவிட்சும் டைமரும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும்.

நொய்யல் கரை ஊர்களில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருப்பதுண்டு. தட்டில் மழை கழுவிவிடாது. உப்பு அங்கேயே தங்கும். நீரைப் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் விளக்கறை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு இணைப்பிலும் யூனிட் கூடக்கூட விலைப்படி ஏறும். எந்த வகை இணைப்பு வேண்டும், யூனிட் என்ன விலை என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, மேலே சொன்ன கணக்கில் 8 ரூபாய்க்குப் பதிலாக அந்த விலையைப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முயன்று பார்க்க விரும்புவோர், ஒரே ஒரு தட்டில் ஒரு மாதம் செய்து பார்க்கவும். டியூப் நான்கு, டைமர் ஒன்று, சிறு மின்அளவி ஒன்று போதும். எரிந்த யூனிட், போட்ட விதை, அறுத்த கிராம், விற்ற விலை, விற்காமல் மிஞ்சியது ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாவது தட்டு வாங்குவதா வேண்டாமா என்று வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள். செவ்வந்திக்கு விளக்குப் போட நினைப்போர் பயிர் நடுமுன் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில், தங்கள் ரகத்துக்கு எத்தனை நாள் விளக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நலம்.